சிக்னலில் அணைவது வயதின் குற்றமல்ல

புனேயில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மனப்பாடமாகிப்போன மராட்டி வாக்கியம் ஒன்று உண்டு: "ஜுனி காடி ஆஹே, விகுன் டாகா." பழைய வண்டி, விற்றுத் தள்ளுங்கள். நள் ஸ்டாப் சிக்னலில் வண்டி நிற்கிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் இரண்டு முறை விக்கி அணைந்துபோகிறது. சாவியைத் திருப்பினால் உடனே உயிர் வருகிறது. கர்வே சாலையில் ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. அடுத்த சிக்னலில் மறுபடி அதே கதை. கராஜுக்குப் போனால் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். "ஸ்லோ ஸ்பீடு ஏத்திடலாம்" என்பார்கள். "கார்ப்பரேட்டரை மாத்தணும்" என்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால், "இன்ஜினை இறக்கணும். அவ்வளவு செலவு பண்றதுக்கு வண்டியைக் குடுத்துடலாம்" என்பார்கள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்.

இந்த நம்பிக்கை தவறு. சும்மா நிற்கும்போது மட்டும் அணைகிற இன்ஜின் தளர்ந்துபோன இன்ஜின் அல்ல. தன் பழுது எங்கே இருக்கிறது என்று அது கிட்டத்தட்ட விலாசமே சொல்லிவிடுகிறது. கேட்க ஆள் இல்லாததால் நல்ல வண்டிகள் பழைய இரும்புக்குப் போகின்றன.

என் சித்தப்பா கட்கியில் இருக்கிறார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1997-ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று வைத்திருந்தார். போபோடி சிக்னலில் ஒரே வாரத்தில் மூன்று முறை அது அணைந்தது. மூன்றாம் முறை பின்னால் வந்த பேருந்துக்காரர் இறங்கி வந்து திட்டினார். ஒரு கராஜில் ஸ்லோ ஸ்பீடை ஏற்றிவிட்டார்கள். பத்து நாள் ஓடியது, பிறகு பழையபடி. இன்னொரு கராஜில் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார்கள். அதற்கும் நிற்கவில்லை. தம்பி, அவருடைய மகன், "அப்பா, உங்களுக்கும் வயசாச்சு, அதுக்கும் வயசாச்சு, நடுரோட்டுல நின்னா யார் தள்றது?" என்று கேட்டான். சித்தப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துக் கட்கி பஜாரில் அதே வண்டியைப் பார்த்தேன். நிறுத்தி வைத்த இடத்தில் அமைதியாக உறுமிக்கொண்டிருந்தது. வாங்கிய இளைஞரிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஏர் கிளீனருக்குக் கீழே போகிற ஒரு சின்ன ரப்பர் குழாயின் நுனி வெடித்திருந்ததாம். நுனியை விரலளவு வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்துச் சொருகியிருக்கிறார்.

சித்தப்பா அதற்குப் பிறகு வண்டி வாங்கவில்லை. மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகிறார். இந்தக் கட்டுரையை எழுதும் கோபம் அங்கிருந்து வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

விரலளவு ரப்பர் எப்படி ஒரு இன்ஜினை அணைக்கும்? பெட்ரோல் இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, நேரடியாக, பெட்ரோல் அல்ல, காற்று. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது நாம் திறப்பது த்ராட்டில் என்ற காற்றுக் கதவைத்தான். காலை எடுத்தால் அந்தக் கதவு கிட்டத்தட்ட முழுவதும் மூடிக்கொள்கிறது. உள்ளே பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. அதனால் கதவுக்கும் வால்வுகளுக்கும் நடுவில் உள்ள மேனிஃபோல்டில் காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். கடல் மட்டத்தில் ஒரு நல்ல இன்ஜின் சும்மா ஓடும்போது வேக்குவம் கேஜ் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். புனே சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே ஏறக்குறைய 2 அங்குலம் குறைவாகக் காட்டும். இதை அறியாமல், மும்பை அளவை வைத்துக்கொண்டு இங்குள்ள இன்ஜினுக்கு 'கம்ப்ரஷன் போச்சு' என்று தீர்ப்பு எழுதுவதும் நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாருதி 800-இன் இன்ஜின் 796 சிசி. நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்றில் சும்மா ஓடும்போது அது உள்ளிழுக்கும் வெளிக்காற்று நொடிக்கு ஏறக்குறைய 2 லிட்டர். அந்த நேரத்தில் மேனிஃபோல்டுப் பக்கம் 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் ஓட்டை இருந்தால், அதன் வழியே நொடிக்கு அரை லிட்டர் காற்று உள்ளே புகும். கால் பங்கு! கார்ப்பரேட்டருக்குத் தெரியாமல் நுழையும் இந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராது. கலவை நீர்த்துப்போய் இன்ஜின் அணையும். அதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நொடிக்கு 12 லிட்டர் அளவுக்குக் காற்று இழுக்கும். வேக்குவமும் அப்போது குறைந்துவிடுவதால் ஓட்டை வழியே வருவதும் குறையும். நூறில் மூன்று நான்கு பங்குதான். ஓட்டுபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சாலையில் சிங்கமாகவும் சிக்னலில் நோயாளியாகவும் வண்டி நடந்துகொள்வதன் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கார்ப்பரேட்டருக்குள் இருக்கிறது. வண்டி ஓடும்போது பெட்ரோல் மெயின் ஜெட் வழியே வரும். சும்மா நிற்கும்போது அதற்கென்றே தனியாக உள்ள ஒரு சின்னப் பாதை வழியே, அரை மில்லிமீட்டர் அளவிலான ஸ்லோ ஜெட்டைக் கடந்து, த்ராட்டில் கதவுக்குக் கீழே வந்து சேரும். ஒரு தூசு போதும், அந்தப் பாதை அடைத்துக்கொள்ள. பல வண்டிகளில் அதே பாதையைத் திறந்து மூட ஒரு சொலினாய்டு வால்வும் உண்டு. அதற்குப் போகும் ஒற்றை ஒயர் கழன்றிருந்தால் வண்டி சும்மா நிற்கவே நிற்காது. சாவியை ஆன் செய்யும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது 'வயசாச்சு' வாதத்தை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் தேய்ந்திருந்தால் எங்கே காட்டிக்கொடுக்கும்? ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் இறங்கிய வண்டி காத்ரஜ் மலைப்பாதையில் இரண்டாம் கியரில் மூச்சு வாங்கும். புகை கக்கும். எண்ணெய் குடிக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தாலும் அதிகம் பெட்ரோல் கேட்கும் ஏற்றத்தில்தான் திணறும்; மிகக் குறைவாகக் கேட்கும் சிக்னலில் அல்ல. ஏற்றத்தைச் சுலபமாக ஏறிவிட்டு, இறங்கி ஸ்வார்கேட்டில் வந்து அணைகிற வண்டிக்கு இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்பவர், வண்டி சொன்ன சாட்சியத்தைக் காதில் வாங்கவில்லை. தேய்மானம் எல்லா நேரத்திலும் இருக்கும். நிற்கும்போது மட்டும் வந்து ஓடும்போது ஓடிப்போகும் தேய்மானம் கிடையாது. (இறுகிப்போன எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி ஒன்று விதிவிலக்கு. அது மெதுவான ஓட்டத்தில்தான் முதலில் தெரியும். ஆனால் அதற்கு வேண்டியது ஃபீலர் கேஜும் அரைமணி நேரமும். புது இன்ஜின் அல்ல.)

ஸ்லோ ஸ்பீடை ஏற்றும் வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயைத் தீராத நோயாக ஆக்குவது அதுதான். அந்த ஸ்க்ரூ செய்வதெல்லாம் த்ராட்டில் கதவைச் சற்றுத் திறந்து வைப்பது. அப்படித் திறந்ததும், நிற்கும்போது மூடிக்கிடக்க வேண்டிய, ஓட்டம் தொடங்கும்போது மட்டும் உதவ வேண்டிய சின்னத் துளைகள் வெளிப்பட்டு அவற்றின் வழியாகவும் பெட்ரோல் கொட்டும். இன்ஜின் அணையாமல் நிற்கும், உண்மைதான். ஆனால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கிறது; அடைத்த ஜெட் அடைத்தபடியே இருக்கிறது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது. கிளட்சை விட்டால் வண்டி துள்ளுகிறது. சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் நாலு முறை குலுங்கிவிட்டு நிற்கிறது. இன்னும் மோசமான விளைவு ஒன்று: சும்மா ஓடும்போது கலவையைத் திருத்த உள்ள மிக்சர் ஸ்க்ரூவுக்கு இனி வேலையே இல்லாமல் போய்விடுகிறது. சரியாக இருக்கும் கார்ப்பரேட்டரில் மிக்சர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகினால் இன்ஜின் அணைய வேண்டும். ஸ்லோ பாதை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சான்று. அணையவில்லை என்றால் கதவு அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது, அல்லது பெட்ரோல் வேறு வழியில் வருகிறது. ஸ்லோ ஸ்க்ரூவை முதலில் ஏற்றிய மெக்கானிக், அடுத்து வரும் மெக்கானிக்கின் கையிலிருந்து இந்த நல்ல சோதனையைப் பிடுங்கிவிடுகிறார். சித்தப்பாவின் இரண்டாவது கராஜ் கார்ப்பரேட்டரைக் கழுவியும் தோற்றதற்கு முதல் கராஜும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

அண்மைக் காலமாகப் பழியைச் சுமக்க இன்னொரு ஆள் கிடைத்திருக்கிறது: எத்தனால். நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டை எட்டியது, 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. கரும்பு விளையும் மகாராஷ்டிராவில் இது வயல்வரை நீளும் விஷயம். புனேயில் இதைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. "எல்லாம் இந்த பெட்ரோலால வந்தது" என்பது இப்போது கராஜ்களின் புதிய முற்றுப்புள்ளி.

அதில் உண்மை இருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் போதும். 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5. ஆகவே பழைய பெட்ரோலுக்காக அமைத்த கார்ப்பரேட்டரில் கலவை சுமார் 8 விழுக்காடு நீர்த்துப்போகும். மைலேஜும் குறையும். 10 விழுக்காட்டுக்கேற்ப அமைத்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே ஒப்புக்கொண்டது. பழைய ரப்பரை எத்தனால் ஊதவைக்கும், வெடிக்கவைக்கும். டாங்கில் வருடக்கணக்காகப் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஸ்லோ ஜெட்டில் போடும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

மறுப்பது அதிலிருந்து எட்டும் முடிவை. 8 விழுக்காடு நீர்ப்பு மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யக்கூடிய அளவுதான். அதிலும் புனேயின் உயரம் நமக்குச் சாதகம். இங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஐந்து விழுக்காடு அளவுக்கு மெலிந்திருப்பதால், கீழே சமவெளியில் டியூன் செய்த கார்ப்பரேட்டர் இங்கே சுமார் 3 விழுக்காடு கெட்டியான கலவையைத் தரும். எத்தனால் நீர்ப்பித்ததில் ஒரு பகுதியை மலை ஈடுகட்டுகிறது. மேலும், ஊரெங்கும் ஒரே பெட்ரோல்தான் விற்கிறது. எத்தனால் மட்டுமே காரணம் என்றால் சாலையில் உள்ள அத்தனை கார்ப்பரேட்டர் வண்டிகளும் ஒரே சிக்னலில் அணைய வேண்டும். அணைவது சில வண்டிகள்தான். அந்தச் சிலவற்றில் எந்தக் குழாய் வெடித்தது, எந்த ஜெட் அடைத்தது என்பதுதான் கேள்வி. எத்தனால் பெயரைச் சொல்லிவிட்டு பானட்டை மூடுவது அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது.

2000-க்குப் பிறகு வந்த இன்ஜெக்ஷன் வண்டிகளில் கதை சற்று மாறும். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்து "எர்ரர் எதுவும் இல்ல, வண்டி நல்லாயிருக்கு" என்று திருப்பி அனுப்புவது இங்குள்ள வழக்கம். ஸ்கேனர் மின்சாரத்தைப் பார்க்கும், அழுக்கைப் பார்க்காது. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோல் விடும் வண்டிகளில் ஓட்டை விழுந்தால், அழுத்தம் ஏறியதைக் கண்டு கணினி பெட்ரோலையும் சேர்த்து விடும். வண்டி அணையாது, மாறாக உறுமும். அத்தகைய வண்டி அணைந்தால் அங்கே குற்றம் காற்று மிகுதி அல்ல, காற்றுப் பஞ்சம். த்ராட்டில் கதவின் விளிம்பைச் சுற்றிக் கரி வளையம் படிந்திருக்கும். சும்மா நிற்கும்போது காற்று விடும் ஐடில் வால்வு கரியில் சிக்கியிருக்கும். துடைத்தால் போதும். துடைத்த பிறகு கணினி புது அளவைக் கற்றுக்கொள்ள அதைச் சில நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். அதற்குப் பொறுமையில்லாமல் "துடைச்சும் சரியாகல" என்று புது வால்வு வாங்கவைத்தவர்களை நான் அறிவேன். உள்ளே வரும் காற்றையே நேராக அளக்கும் வண்டிகளில் மட்டும், கார்ப்பரேட்டர் வண்டி போலவே, ஓட்டை அணைக்கும்.

கண்டுபிடிக்கும் வழி? வீட்டு வாசலிலேயே முடியும். திறந்தவெளியில், வேட்டியும் துப்பட்டாவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல், இன்ஜினைச் சூடாக்கி ஓடவிடுங்கள். மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக மெத்தென்ற துணி சுற்றிய பிளையரால் ஒரு நொடி நசுக்குங்கள். எந்தக் குழாயை நசுக்கும்போது இன்ஜின் சத்தம் நிமிர்கிறதோ அதன் மறுமுனையில் திருடன் இருக்கிறான். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை மறக்க வேண்டாம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வண்டி அணைகிறது என்றால் பூஸ்டரின் உள்சவ்வு கிழிந்திருக்கலாம். அது பாதுகாப்பு விஷயம், அன்றே பார்க்க வேண்டியது. கார்ப்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட்டைச் சுற்றி, ஒயர்களில் படாமல், ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீரைத் தூவுங்கள். சத்தம் மாறினால் அங்கே ஓட்டை. சில கராஜ்களில் தண்ணீருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். சூடான இன்ஜின் மேல் அது நெருப்போடு விளையாடுவது. உங்கள் வண்டியில் அனுமதிக்காதீர்கள்.

இன்னொரு சாட்சி உங்கள் டாஷ்போர்டுக்குள்ளேயே கிடக்கிறது: பியூசி சான்றிதழ். பழைய பெட்ரோல் வண்டியின் புகையைச் சும்மா ஓடும் நிலையில்தான் சோதிக்கிறார்கள். பழைய கார்ப்பரேட்டர் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 விழுக்காடு, பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு 0.5. கார்ப்பரேட்டர் வண்டியில் அந்த எண் வரம்பை முட்டினால் கலவை கெட்டி: ஃப்ளோட் மட்டம், சோக், ஏர் ஃபில்டர் என்று தேடலாம். அது பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க, பக்கத்தில் ஹைட்ரோகார்பன் எண் எகிறியிருந்தால் கலவை நீர்த்து, எரியாமல் தப்பிக்கிறது: காற்று ஓட்டை, அல்லது அடைத்த ஸ்லோ ஜெட். காசு கொடுத்து வாங்கும் இந்தக் காகிதத்தை எந்த மெக்கானிக்கும் கேட்டு நான் பார்த்ததில்லை. நம் ஊர் வேதாள் குன்றின் மேல் 1966-இல் தொடங்கிய வாகன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. காலையில் அந்தக் குன்றில் நடைபோகும் கூட்டத்தில் பாதிப்பேர் கார் வைத்திருப்பவர்கள். இருந்தும் சாலையில் கார் அணைந்தால் நாம் நாடுவது அளவீட்டை அல்ல, அனுமானத்தை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பாதுகாப்புதான். ஓடும்போது வேகம் குறைத்த நொடியில் இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக் பூஸ்டருக்கு ஒன்றிரண்டு மிதிக்கு மேல் தெம்பு இருக்காது. வயதானவர் ஓட்டும் வண்டியில் இது அபாயம். என் தம்பியின் பயம் நியாயமானது. அந்தப் பயம் பழுதைத் தேடச் சொல்ல வேண்டும். ஸ்லோ ஸ்பீடை ஏற்றுவது அபாயத்தைக் குறைப்பதில்லை, ஒத்திப்போடுகிறது. சுற்றுச்சூழல் கருதிப் பழைய வண்டியைக் கைவிடுபவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத கார்ப்பரேட்டர் வண்டி புதிய வண்டியைவிடக் கூடுதலாக மாசு செய்கிறது, அதில் விவாதமில்லை. அந்தக் காரணத்துக்காக விற்பவர் அதைச் சொல்லியே விற்கட்டும். வெடித்த குழாய்க்கு முதுமை என்று பெயர் சூட்டி ஒரு மனிதரின் நடமாட்டத்தைப் பறிப்பது வேறு விஷயம்.

ஆகவே கராஜுக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அணைகிறதா, சூடான பிறகா? ஏசி போட்டால் மட்டுமா? பிரேக்கை மிதித்தால் மட்டுமா? ஹெட்லைட் எரியும்போதா? மழை நாளில் மட்டுமா? ஜூன் தொடங்கிவிட்டால் புனேயின் ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் வெடித்த பிளக் ஒயருக்குள்ளும் நுழையும். காத்ரஜ் ஏற்றத்தில் இழுவை எப்படி? அதன் கீழே பியூசியின் இரண்டு எண்கள். அந்தத் தாளை மெக்கானிக்கின் கையில் கொடுங்கள். அவர் அதைப் படிக்கும்வரை ஸ்க்ரூ டிரைவர் உங்கள் கையில் இருக்கட்டும்.